இரட்டைச் சைக்கிளில் மஸ்கெலியாவுக்கு

செல்லசாமிக்குக் கண்பார்வை போன பிறகு, அவரைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலைத் தாண்டி வெளியே கூட்டிவரப் பிரேமினி எத்தனையோ விதமாக முயன்று பார்த்தாள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டாள். தன் தம்பி மகளின் சடங்குக்குக் கூப்பிட்டாள். ஒன்றுமில்லை, நோர்வூட் டவுனில் முடியாவது வெட்டிக்கொண்டு வருவோம் என்றாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"நீ போயிட்டு வா புள்ள. நான் இருக்கேன்."

அந்தக் குரலில் கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்படி ஓரிடத்தில் உட்கார்ந்திருந்த ஆளா அவர்? தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து லொறியை ஓட்டியவர். மலை மலையாக ஏறி இறங்கிக் கொழுந்து மூட்டைகளைத் தானே ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். வாரம் முழுக்க லொறி ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஹட்டனில் ஒரு சைக்கிள் கழகம் இருந்தது. வங்கியில் வேலை செய்கிறவர், தையற்காரர், கடைப் பையன்கள், பார்மசியில் நிற்கிற லோஜனா என்ற பெண்பிள்ளை என்று பலதரப்பட்ட ஆட்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோருமாகச் சேர்ந்து எங்கேயாவது தூரமாக ஓட்டிக்கொண்டு போவார்கள். அதை ஆரம்பித்தவர் பாலச்சந்திரன் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்து, குளிர் பிடித்துப்போய் ஹட்டனிலேயே தங்கிவிட்டவர். ஏற்றத்தில் மாஸ்டரை யாரும் முந்த முடியாது. இறக்கத்தில் செல்லசாமியை யாரும் பிடிக்க முடியாது. கழகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று டொக்டர் சொன்னபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அதற்கு முன்னால் ஒருநாள், "லைட்ட சுத்தி வானவில்லு மாதிரி தெரியுது புள்ள" என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். ஓரத்தில் இருந்தவை முதலில் மறைந்தன. பிறகு நடுவில் இருந்ததும் மறைந்தது. லொறிச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். சைக்கிளைக் கொழும்பில் இருக்கிற மகனிடம் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த "நான் இருக்கேன்" தொடங்கியது.

பிரேமினி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ அழுகையை நிறுத்தத் தெரிந்தவளுக்கு, அழாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுசனை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாஸ்டர் ஒரு சின்ன லொறியில் வந்து இறங்கினார். லொறிக்குப் பின்னால் விசித்திரமான ஒரு சைக்கிள் கிடந்தது. இரண்டு சீட், இரண்டு சோடி பெடல், நீளமான ஒரே உடம்பு. கொத்மலைப் பக்கம் ஒரு விடுதிக்காரர் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று வாங்கி, யாரும் தொடாமல் மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததாம். கேட்டு வாங்கி, எண்ணெய் போட்டு, டயர் மாற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"செல்லசாமி, இஞ்ச வாங்கோ. கையைக் குடுங்கோ" என்று கூப்பிட்டு, முன்சீட்டிலிருந்து பின்சீட் வரைக்கும் அவர் கையைப் பிடித்துத் தடவிக் காட்டினார். "முன்னால ஒராள், பின்னால ஒராள். பின்னால இருக்கிறவர் திருப்பவும் தேவையில்லை, பிறேக் பிடிக்கவும் தேவையில்லை. மிதிச்சால் மட்டும் காணும். முன்னுக்கு நான் ஏறுறன். அடுத்த ஓட்டத்துக்கு வாறியள்."

செல்லசாமியின் கை பின்சீட்டில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"வேணாம் மாஸ்டர். மாசம் பூரா அந்த ஒரு நாளுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கிறீங்க. அதுல என்னையும் இழுத்துக்கிட்டுப் போகணுமா? ஒங்களுக்குப் பாரமா நான் வரமாட்டேன்."

மாஸ்டர் எவ்வளவோ சொன்னார். செல்லசாமி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பிரேமினி கோப்பையோடு வெளியே வந்தாள்.

"மாஸ்டர் ஏற வேணாம். நான் முன்னுக்கு ஏறுறேன். எனக்குப் பாரமா இருக்கிறதுல ஒங்களுக்கு ஒண்ணும் வெக்கமில்லையே?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார். செல்லசாமி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஒனக்குத்தான் சைக்கிளே ஓட்டத் தெரியாதே."

"பழகிக்கிறேன்."

யோசிக்காமல் சொல்லிவிட்டாள். நாற்பதைத் தாண்டியவள். சின்ன வயதில்கூட ஒரு சைக்கிளின் பெடலில் கால் வைத்ததில்லை.

லோஜனாதான் தன் சைக்கிளைக் கொண்டுவந்து பழக்கினாள். தொழிற்சாலைக்கு முன்னால் உள்ள மைதானத்தில், வேலை முடிந்த பிறகு. முதல் வாரம் பிரேமினி ஓட்டியதைவிட விழுந்ததுதான் அதிகம். வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏய் பிரேமினி, சைக்கிளு ஒன்னைய ஓட்டுதா, நீ சைக்கிள ஓட்டுறியா?" என்று ராக்காயி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று விழுந்ததில் முழங்கை நன்றாகத் தேய்ந்து ரத்தம் வந்தது.

அடுத்த நாள் அவள் மைதானத்துக்கு வந்து கொஞ்ச நேரத்தில், படிக்கட்டில் கம்பு தட்டுகிற சத்தம் கேட்டது. செல்லசாமி தனியாகவே இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"எங்க சீட்டு? நான் புடிக்கிறேன்" என்றார்.

"நீங்க எப்பிடிங்க ஓடுவீங்க?"

"மைதானந்தான? நீ நேரா போனா நானும் நேரா வருவேன். ஒழுங்கா ஓட்டு."

சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மனுசன் அவளோடு ஓடினார். அவர் நம்பி ஓடுகிறாரே என்ற பயத்திலேயே அவள் நேராக ஓட்டினாள். ஒருதரம் இரண்டு பேருமாக ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் போய் விழுந்தார்கள். பிறகு ஒருநாள், கம்பியை அவர் எப்போது விட்டார் என்று தெரியாமலே அவள் மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போயிருந்தாள்.

இரட்டைச் சைக்கிள் பழக இன்னும் கொஞ்ச மாதம் பிடித்தது. தோட்டத்துக்குள் உள்ள சமதரை ரோட்டில் போவார்கள், வருவார்கள். ஒருமுறை செல்லசாமி உற்சாகமாக எட்டி மிதிக்க, சைக்கிள் ஒரு ஆட்டு ஆட்டித் தேயிலைச் செடிக்குள் கொண்டுபோய்த் தள்ளியது. பிரேமினியின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அது ஆறியதும் மறுபடி தொடங்கினார்கள். அதன்பிறகு சைக்கிள் ஆடவே இல்லை. தனக்கு நன்றாகக் கைவந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பங்குனி மாதம் கழகம் மஸ்கெலியாவுக்குப் போவதென்று முடிவாயிற்று. மழை இல்லாமல் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றியிருந்தது. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன பழைய ஊரின் கோயில் வெளியே தெரிகிறது என்று எல்லோரும் போய்ப் பார்த்து வந்தார்கள்.

"பாக்கிறதுக்கு போறாங்க. எனக்கு என்னா இருக்கு அங்க?" என்றார் செல்லசாமி.

"நான் பாத்ததே இல்லங்க. எனக்குப் பாக்கணும். என்னையக் கூட்டிக்கிட்டுப் போங்க."

மறுநாள் காலையில், சைக்கிள் ஓட்டும்போது போடுகிற சப்பாத்தை அவர் தேடி எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனிலிருந்து வந்த கூட்டத்தோடு அவர்கள் நோர்வூட்டில் சேர்ந்துகொண்டார்கள். பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு சைக்கிளாக வெளியே வந்தது. "செல்லசாமிண்ணே!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். குரலை வைத்தே ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார் அவர். பிரேமினி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தாள். எத்தனை காலமாயிற்று இந்த மனுசன் இத்தனை பேரோடு பேசி.

"ஒருத்தரும் ஒருத்தரை விட்டிட்டுப் போறேல்லை. ஏத்தத்தின்ர உச்சியில எல்லாரும் நிக்க வேணும். லோஜனா கடைசியா வருவா. அவவுக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை எண்டால்தான் நாங்கள் வெளிக்கிடுவம்" என்றார் மாஸ்டர்.

கிளம்பினார்கள். கூட்டம் சீக்கிரமே முன்னால் போய்விட்டது. இரட்டைச் சைக்கிளும், அதற்குப் பின்னால் லோஜனாவும்தான் மிச்சம். பிரேமினியின் கண் ரோட்டைவிட்டு நகரவில்லை. வருவதையெல்லாம் பின்னால் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

"பள்ளம்... வளைவு, இடது பக்கம்... பஸ் வருது, ஓரமா போறேன்... மறுபடி பள்ளம்."

"ம்" என்றார் அவர் ஒவ்வொன்றுக்கும்.

பிறகு ஏற்றம் ஆரம்பித்தது. கியரைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். அதற்கு மேல் குறைக்க கியர் இல்லை. தொடை இரண்டும் எரிந்தன. மூச்சு நெஞ்சில் முட்டியது. சமதரையில் தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்தது. பெடல்கள் எல்லாம் ஒரே சங்கிலியில் கோத்தவை. அவள் மிதித்தால் பின்னாலும் சுற்றும். அவர் கால்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அதில் பலம் இல்லை. முழுப் பாரத்தையும் அவள்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மிதிக்கிறீங்களா?"

"மிதிக்கிறேன்."

"பொய் சொல்லாதீங்க. கால சும்மா வச்சிருக்கீங்க."

இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்த்தாள். முடியவில்லை. பிறேக்கைப் பிடித்துக் காலை ஊன்றி நிறுத்தினாள். பின்னால் லோஜனாவும் நின்றாள். நின்றவள், இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் மைல்கல்லில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினாள்.

"எதுக்கு மிதிக்கல?" என்று திரும்பிக் கேட்டாள் பிரேமினி. களைப்பில் குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. "என்னால ஒத்தையா இத இழுக்க முடியுமா? வர இஷ்டமில்லன்னா அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?"

செல்லசாமி சைக்கிளை விட்டு இறங்கவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு குனிந்தபடி இருந்தார்.

"இஷ்டமில்லாம இல்ல. அன்னைக்கி நான் மிதிச்சிதான் நீ விழுந்த. கை எம்புட்டு வீங்கியிருந்துச்சின்னு நான் தொட்டுப் பாத்தேன்."

"அது அன்னைக்கி."

"எம்புட்டுப் பலம் போடணும்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது பிரேமினி. கண்ணு இருந்தா தானா தெரியும். இப்ப எதத் தொட்டாலும் அப்பிடித்தான். ஒரு செம்ப எடுத்தாக்கூட எங்கயாவது இடிச்சிருமோ, கொட்டிருமோன்னு இருக்கு. ஒன்னையத் தொடுறதுக்கும் பயமா இருக்கு, கை எங்க போய்ப் படுமோன்னு. அதான் பேசாம இருந்துர்றது. நீயே செஞ்சா சரியா இருக்கும்ல?"

இத்தனை நாளும் அந்த மனுசனுக்கு எதிலுமே பிடிப்பில்லாமல் போய்விட்டது என்றுதான் பிரேமினி நினைத்திருந்தாள். தன்மேலும்தான் என்று, வெளியே சொல்லாமல், நினைத்திருந்தாள். அவர் எழுந்தால் போதும், "நீங்க ஒக்காருங்க, நான் எடுத்துத் தாறேன்" என்று ஓடியிருக்கிறாள். நல்லதென்று நினைத்துச் செய்தது. அவரும் நல்லதென்று நினைத்துத்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மேலே மலையில் எங்கேயோ ஒரு பொம்பளை பேர் சொல்லி யாரையோ கூப்பிட்டாள். எதிரே வந்த ஓட்டோ ஒன்று அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அவள் சைக்கிளைத் தன் இடுப்பில் சாய்த்துக்கொண்டு, பின்னால் கையை நீட்டி, அவர் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தாள்.

"பாருங்க. வீக்கம் இருக்கா?"

அவர் தடவிப் பார்த்தார். "இல்ல."

"ஆறிப் போச்சு. விழுந்தா அம்புட்டுத்தான், ஆறிப் போயிரும். நீங்க மிதிங்க. ஆடுனா ஆடட்டும், நான் புடிச்சிக்கிறேன். ஹாண்டில் எங்கிட்டதான இருக்கு?"

"விழுந்துட்டா?"

"ரெண்டு பேருந்தான விழுவோம். கானுக்குள்ள விழுந்தோம்ல அன்னைக்கி? என்னா ஆச்சி?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லோஜனா கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு எழுந்து வந்தாள். ஏற்றத்தில் இரட்டைச் சைக்கிளைக் கிளப்புவது லேசான காரியமில்லை. அவள் பின்னாலிருந்து தள்ள, பிரேமினி எண்ணிச் சொல்ல, மூன்றாவது தடவையில் சைக்கிள் புறப்பட்டது.

"இப்ப!" என்றாள் பிரேமினி.

செல்லசாமி மிதித்தார். சைக்கிள் வலது பக்கம் துள்ளியது. "ஐயோ" என்று கத்திக்கொண்டே அவள் நேராக்கினாள். இடது பக்கம் துள்ளியது. அதையும் நேராக்கினாள். "நிப்பாட்டவா?" என்றார். "நிப்பாட்டுனீங்கன்னா கொன்னுபோடுவேன், மிதிங்க!" என்றாள். நாலைந்து சுற்றுக்குப் பிறகு அவர் எப்போது அழுத்துகிறார் என்று அவளுக்குப் பிடிபட்டது. அவள் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவருக்கும் பிடிபட்டிருக்க வேண்டும். ஆட்டம் குறைந்தது. பத்து வருசம் கொழுந்து மூட்டைகளைத் தூக்கிப் போட்ட உடம்பின் பலம் அது. அவள் கால்களுக்குக் கீழே பெடல் தானாகவே ஓடுவது போலிருந்தது. பின்னால் லோஜனா, "அக்கா, மெதுவா! எனக்கு மூச்சு வாங்குது!" என்று கத்தினாள்.

ரோட்டோரத்தில் தண்ணிப் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அடியே, ரெண்டு பேரு சைக்கிளு!" என்று ஒருத்தி கைதட்ட, மற்றவர்களும் சவர்க்கார நுரையோடு கைதட்டினார்கள்.

உச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடை. முழுக் கூட்டமும் இஞ்சி போட்ட பிளேன்டீயோடு நின்றது. சைக்கிளைக் கண்டதும் கூச்சல் போட்டார்கள். மாஸ்டர் வந்து, செல்லசாமியின் நனைந்த முதுகைத் தட்டிவிட்டு, இரண்டு கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். செல்லசாமி கோப்பையைத் தானே வாங்கினார். கொஞ்சம் சிந்தியது. பிரேமினி கை நீட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு இறக்கம். அவளுடைய பயமெல்லாம் அங்கேதான் இருந்தது.

"பள்ளம்... வளைவு, பெருசு... மணல் கெடக்கு..."

"பிரேமினி."

"என்னங்க?"

"இந்த ரோட்டுல பள்ளமும் மணலும் மட்டுந்தான் இருக்கா?"

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், ரோட்டிலிருந்து முதன்முறையாகக் கண்ணை எடுத்துச் சுற்றிலும் பார்த்தாள்.

"லயத்துக் கூரையில ஒரு ஆடு நிக்கிது."

"கூரையிலயா?"

"ஆமாங்க. தகரத்துல. கீழ ஒரு பொம்பள குச்சிய வச்சிக்கிட்டுக் கத்துறா. அது எறங்க மாட்டேங்குது."

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் தொடர்ந்தாள். கல்யாண வேன் ஒன்று, முகப்பில் வாழைக்கன்று கட்டி. புதுசாகக் கவாத்து வெட்டின மலை, எலும்பு மாதிரிச் செடிகள். பள்ளிக்கூடத்துச் சுவரில் யாரோ வரைந்த யானை, அதற்குத் தும்பிக்கை மட்டும் மூன்று ஆள் நீளம். சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் அவர் கேள்வி கேட்டார். வாழைக்கன்று வாடியிருக்கா? கவாத்து எந்தப் பக்கம், ஆத்துப் பக்கமா?

வளைவுகள் செங்குத்தாயின. அவள் விரல்கள் பிறேக்கில் விறைத்துப்போயின. பேச்சும் நின்றுவிட்டது.

"ரப்பர் தீயிற வாசம் வருது. நிப்பாட்டு" என்றார் செல்லசாமி.

நிறுத்தினாள். "பயமா இருக்குங்க" என்றாள் மெதுவாக.

"அப்ப எறங்கி நடப்போம்."

"ஒங்களுக்கு எறக்கம்னா உசுராச்சே."

"அது எங்கயும் ஓடிறாது. நட."

பிரேமினி சைக்கிளைத் தள்ள, அவர் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தார். லோஜனாவும் இறங்கித் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். செங்குத்தான வளைவுகளெல்லாம் முடிந்து ரோடு நீளமாக, சாந்தமாகச் சரிந்த இடத்தில் மறுபடி ஏறினார்கள். முன்னால் ஒரு வாகனமும் இல்லை. பிரேமினி பிறேக்கிலிருந்து விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். காற்று சேலைக்குப் பதில் போட்டிருந்த சட்டையை ஊதிப் பெருக்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பின்னாலிருந்து, அவள் கல்யாணமான புதிதில் கேட்டது போல, ஒரு சத்தம் கிளம்பியது. "ஓஹோய்!" என்று மலையெல்லாம் கேட்கக் கத்தினார் செல்லசாமி. அவளும் கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிறகு லோஜனா கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீர்த்தேக்கத்தில் தண்ணீர் எங்கேயோ நடுவில் ஒதுங்கிக் கிடந்தது. வெடித்த சேற்றுத் தரையில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நடந்து போனார்கள். சோளம் அவித்து விற்ற சிங்களப் பெண்மணி ஒருத்தி, செல்லசாமியின் கம்பைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் சேறு இன்னும் காயவில்லை, அந்தக் கல் வரிசை மேலே கூட்டிக்கொண்டு போங்கள் என்று சிங்களத்தில் வழி சொன்னாள்.

கோயில் பெரிதாக ஒன்றும் இல்லை. கூரை போய்விட்டது. சுவரில் பாதியும் தூணும்தான் மிச்சம். மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டு சோளம் வாங்கப் போய்விட்டார்கள். பிரேமினி அவரைத் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். கையை எடுத்து வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல் விட்டாள்.

அவரே கையை நீட்டினார். முதலில் விரல் நுனி. பிறகு உள்ளங்கை. மேலே தடவினார், கீழே குனிந்து தடவினார். அடுத்த தூணுக்கு வழி கேட்டார். சுவரோடு சுவராக ஒரு முழுச் சுற்று வந்தார். அவசரமே படவில்லை.

"இங்க ஒரு சிங்கம் மாதிரி இருக்கு. பல்லக் காட்டுது பாரு" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். காய்ந்த சேற்றுக்கு அடியில், அவள் கவனிக்காமல் தாண்டி வந்த இடத்தில், உண்மையிலேயே ஒரு சின்ன முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் விரலால் சேற்றைச் சுரண்டிவிட, அவள் சட்டை நுனியால் துடைத்தாள். இருவருமாகக் குந்தியிருந்து அந்த முகத்தை முழுவதுமாக வெளியே எடுத்தார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு மாஸ்டர், தான் வரச் சொல்லியிருந்த சின்ன லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினார். களைத்தவர்கள் சைக்கிளை ஏற்றிவிட்டு அதிலேயே திரும்பலாம்.

"என்ன தங்கச்சி, ஏத்துவமோ?" என்று கேட்டார்.

பிரேமினிக்குக் கால்கள் மரத்துப்போயிருந்தன. செல்லசாமியைப் பார்த்தாள். அவர், "அவளுக்கு ஏலாது மாஸ்டர், லொறியிலயே போறோம்" என்றார். நிஜமாகவேதான் சொன்னார். அதனாலேயே அவளுக்கு ஓட்ட மனம் வந்தது.

"முடியிற வரைக்கும் ஓட்டுவோம். முடியலன்னா லொறிய வரச் சொல்லிக்கலாம்தான?"

பாதி ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாதக்கணக்காக வராத மழை. ஒரு பஸ் நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே சைக்கிளோடு ஒதுங்கினார்கள். மூன்று பேரும் நனைந்திருந்தார்கள். லோஜனா கைபேசியை எடுத்துக்கொண்டு, "லொறிய வரச் சொல்லவா அக்கா?" என்று கேட்டாள்.

பிரேமினி பதில் சொல்வதற்குள், செல்லசாமி பையைத் துழாவித் துவாயை எடுத்தார். "இங்க வா" என்றார். அவள் கிட்டே போனாள். அவர் கை அவள் தோளைத் தொட்டு, கழுத்துக்கு வந்து, காதைக் கண்டுபிடித்து, தலைக்குப் போயிற்று. துவாயால் அவள் தலையைத் துவட்டினார். கொஞ்சம் அழுத்தமாகத்தான் துவட்டினார். கொண்டை அவிழ்ந்து தொங்கியது. மூக்கில் ஒருதரம் இடித்தது. அவள் அசையாமல் நின்றாள்.

"வலிக்கிதா?"

"இல்ல. தொவட்டுங்க."

லோஜனா கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை தூறலானதும் மூவரும் மறுபடி சைக்கிளில் ஏறினார்கள். நோர்வூட்டுக்கு வந்து சேர்ந்தபோது கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கூட்டம் முழுவதும் நனைந்த கோழிகளைப் போல நின்றுகொண்டிருந்தது. லொறியில் வந்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள்.

"கடைசி ஆளும் வந்தாச்சு!" என்று லோஜனா பின்னாலிருந்து கத்தினாள்.

"அடுத்த மாசம் எங்க மாஸ்டர்?" என்று இறங்குவதற்கு முன்பே கேட்டார் செல்லசாமி.

"பொல்பிட்டிய. கினிகத்தேனையால இறங்கிப் போறது. நெடுக இறக்கம்" என்றார் மாஸ்டர்.

பிரேமினி ஹாண்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஐயோ சாமி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.